கழிவும் கணக்கும்

நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டேன். வெளியே செல்லும் ஒவ்வொரு கடிதத்தையும் அனுப்புகைப் பதிவேட்டில் ஏற்றுவது என் பணிகளுள் ஒன்று. எண், நாள், யாருக்கு, எதன் வழியாக என்னும் நான்கும் இன்றி ஓர் உறைகூட வாசலைத் தாண்டாது. பதிவேட்டின் இடத்தை இன்று கணினி பிடித்துக்கொண்டதேயன்றி வழக்கம் மாறவில்லை. இத்தகைய எனக்கு, என் வீட்டு வாசலை வாரந்தோறும் தாண்டிச் செல்லும் ஒரு பொருள் எங்கே போகிறது என்று தெரியாதிருந்தது நெடுநாள் உறைக்கவேயில்லை.

அப்பொருள் பிளாஸ்டிக். பெங்களூரில் வாழும் நம் குடும்பங்களுக்கு அதைப் பிரித்துக் கொடுப்பது புதிய கடமையன்று. 2012 அக்டோபர் முதல் குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும் என மாநகராட்சி கட்டாயமாக்கியது. 2015 டிசம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் இரு தொட்டி, ஒரு பை என்று வகுத்துத் தந்தது. காரணத்தையும் நாம் அறிவோம். நகரத்தின் அழுக்கைச் சுமந்து சலித்த மாவள்ளிபுரத்து மக்களும் மண்டூர் மக்களும் இனி இங்கே கொட்டாதீர் என்று வழிமறித்தார்கள். மண்டூரில் கொட்டுவது 2014இன் இறுதியில் நின்றது.

என் மனைவி பால் உறைகளைக் கத்தரித்துக் கழுவி, அடுப்படிச் சன்னலில் காயவைத்து, வண்டி வரும் நாளில் கொடுப்பாள். கொடுத்துத் திரும்புகையில் அவள் முகத்தில் ஒரு நிறைவு தெரியும். கழுவியவன் நான் அல்லன் எனினும், என் முகத்திலும் அது இருந்திருக்கும். ஒருநாள் தெருமுனையில் அந்தப் பை ஈரக் குப்பையின் மீதே வீசப்படுவதைக் கண்டேன். கேட்டதற்கு, "அங்கே போய்ப் பிரிச்சுக்குவாங்க சார்" என்றார் ஓட்டுநர். அந்த 'அங்கே' எங்கே?

அடுத்த சனிக்கிழமை, ஓர் உலர்கழிவுச் சேகரிப்பு நிலையத்தைத் தேடிச் சென்றேன். குவியலின் நடுவே அமர்ந்து பிரித்துக்கொண்டிருந்த அம்மையார் நம் மொழியினர். ஊர் செங்கம் பக்கம். "பாட்டிலுக்கு ஆளு இருக்கு, பால் கவருக்கு ஆளு இருக்கு. இந்தப் பளபளக்கிறதுக்குத்தான் யாரும் இல்ல சார்" என்று தின்பண்ட உறை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். தண்ணீர்ப் புட்டி துகளாகிப் பின் இழையாகிறது. பால் உறை உருகிக் குருணையாகிக் குழாயாகவோ கறுப்புப் பையாகவோ மறுபிறவி எடுக்கிறது. பளபளக்கும் உறையிலோ பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஏடு ஏடாக ஒட்டிக் கிடக்கின்றன. பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது. ஆகவே அது சிமெண்டு ஆலைச் சூளையில் எரிகிறது, அல்லது புதைகிறது. புட்டியின் அடியில் அம்புகளால் ஆன முக்கோணம் ஒன்று உண்டே, அதை மறுசுழற்சிக்கான வாக்குறுதி என்றே நான் எண்ணியிருந்தேன். 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழிலார் கொண்டுவந்த அக்குறி, இது இன்ன வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்லுகிறது!

இதை அலுவலக நண்பரிடம் கூறியபோது அவர் கடிந்துகொண்டார். "இதையெல்லாம் வெளியே சொன்னால் பிரித்துக் கொடுப்பவர்களும் நிறுத்திவிடுவார்கள். நம்பிக்கை இருக்கட்டுமே, யாருக்கு என்ன கேடு?" எளிதில் தள்ளக்கூடிய கேள்வியன்று இது. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் வரிசையில் அமரலாம் என்று வள்ளுவரே இடங்கொடுத்திருக்கிறார். ஆனால் அவர் வெறும் நன்மை என்று விடவில்லை. குற்றம் நீங்கிய நன்மை என்றார். நம் மனநிறைவுக்காக அந்த அம்மையார், கையுறையும் இன்றி, அழுகலிலிருந்து உறைகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். விலைபோகாததைப் பிரிக்கும் நேரத்துக்கு அவருக்குக் கூலி தருவார் யார்? சூளைப் புகை செல்லும் திசையில் வாழ்வோரை நாம் கேட்டதுண்டா? உண்மை தெரிந்திருந்தால் அந்த உறையைக் கடையிலேயே விட்டு வந்திருப்போம். தெரியாததால் வாங்கினோம், கழுவினோம், புண்ணியம் என்றும் எழுதிக்கொண்டோம். கேடு இருக்கிறது, அது நம் வீட்டில் இல்லை, அவ்வளவே.

எனவே, கொடுத்தவனுக்குக் கேட்கும் உரிமை உண்டா என்பதை விட, கேளாதிருக்கும் உரிமை உண்டா என்பதே என்னை வருத்துகிறது.

பதிவேடு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. பொய்க்கணக்கு எழுதுவதற்கும் பதிவேடு வேண்டுமே! பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்பவர்கள் மறுசுழற்சிச் சான்றிதழ் காட்ட வேண்டும் என 2022இல் விதி வந்தது. மறு ஆண்டே, கர்நாடகம் உள்ளிட்ட மூன்று மாநிலங்களில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்திய சோதனையில், நான்கு நிறுவனங்கள் ஏறத்தாழ 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை உண்டாக்கியிருந்தது தெரியவந்தது. கொடுத்தவர் கண்ணுக்கும் பிரித்தவர் கண்ணுக்கும் எட்டாத ஏட்டில் எதையும் எழுதலாம்.

ஆகவே எங்கள் பகுதி நிலையத்தின் வாசலில் ஒரு கரும்பலகை வேண்டும் என்று மனு எழுதினேன். இம்மாதம் வந்தது எத்தனை கிலோ, விற்றது எத்தனை, யாருக்கு, எரிக்கவோ புதைக்கவோ சென்றது எத்தனை, இவ்வளவே. கன்னடத்தில் திருத்தித் தந்தவர் எதிர்வீட்டு ஆசிரியர். மனுவைக் கொடுத்து இரண்டு மாதமாகிறது. பலகை வரவில்லை. ஒப்புகைச் சீட்டு மட்டும் என் சட்டைப்பையில் இருக்கிறது. அதில் எண்ணும் நாளும் உண்டு.