துறத்தலும் அறிவித்தலும்

ஆங்கிலத்தில் ‘ரினௌன்ஸ்’ என்றொரு சொல் உண்டு. துறத்தல், கைவிடுதல் என அதற்குப் பொருள் கூறுவர். இலத்தீன் மொழியில் ‘நூன்தியுஸ்’ என்பது தூதுவனையும் செய்தியையும் குறிக்கும். அதனடியாகப் பிறந்த ‘ரெனுன்தியாரே’ பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தது. அறிவித்தலைக் குறிக்கும் ‘அனௌன்ஸ்’, ஒலித்தலைக் குறிக்கும் ‘புரொனௌன்ஸ்’ ஆகியன அதன் உடன்பிறப்புகள். எனவே, அச்சொல்லின் வேரில் இருப்பது விடுதல் அன்று. விட்டேன் என வெளிப்படக் கூறுதலே. தமிழின் ‘துறவு’ நீங்குதலைச் சுட்டும், கூறுதலைச் சுட்டாது.

அறிவித்த அளவில் துறவு நிறைவுறுமா? 1936 டிசம்பர் 10ஆம் நாள், எட்டாம் எட்வர்டு மன்னர் தாம் விரும்பிய பெண்மணியை மணக்கும் பொருட்டு, அரியணையைத் துறக்கும் ஆவணத்தில் ஒப்பமிட்டார். அதில் ஆளப்பட்டதும் இச்சொல்லே. தமக்காக மட்டுமன்றித் தம் வழித்தோன்றல்களுக்காகவும் அவர் துறந்தார். மறுநாள் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பின்னரே அது செல்லுபடியாயிற்று. அவர் இறக்கிவைத்த பொறுப்பைத் தம்பி ஆறாம் ஜார்ஜ் ஏற்க நேர்ந்தது.

பொருளைத் துறப்பவன் தன்னதை இழக்கின்றான். பொறுப்பைத் துறப்பவனோ அதனைப் பிறர் தோளில் ஏற்றுகின்றான். எனினும், மனமின்றிப் பதவியில் ஒட்டிக்கொண்டு கடமையில் வழுவுவதினும், வெளிப்படக் கூறி விலகுதல் நேர்மையுடையது. ஏற்பவர் ஆயத்தமாக அது வாய்ப்பளிக்கும். ஆகவே, அறிவித்தல் துறந்தவனுக்குப் பெருமை சேர்ப்பதற்கன்று. சுமையை ஏற்போர்க்கு அவன் செலுத்தும் கடனே. ‘யான் எதை விட்டேன்?’ என்பதோடு, ‘அதை இனி யார் சுமப்பர்?’ என்றும் வினவுதலே அறம்.