இசைஞனின் நோக்கமும் மக்களின் செவியும்

ஒரு கலைப்படைப்பின் நன்மை தீமையை எதைக்கொண்டு அளப்பது? படைத்தவனின் நோக்கத்தைக் கொண்டா, அவன் வாழ்ந்த வாழ்வைக் கொண்டா, அன்றி அப்படைப்பு மக்களிடையே விளைவித்த பயனைக் கொண்டா? முற்போக்குக் கலை பற்றிய விவாதங்களிலெல்லாம் இவ்வினா ஏதோவொரு வடிவில் தலைகாட்டுகிறது. எழுத்தாளன் எந்த அணியைச் சேர்ந்தவன் என்று கேட்டறிந்ததும், நூலைப் புரட்டாமலே தீர்ப்பளித்துவிடுவோர் உளர். கலைக்கும் அரசியலுக்கும் யாதொரு தொடர்புமில்லை என்று கைகழுவி விடுவோரும் உளர். இவ்விரு சாராரையும் இடர்ப்படுத்தக்கூடிய சான்றுகள், ஐரோப்பாவின் மனோரதிய காலத்து இசைநாடகங்களில், அதாவது ஒபராக்களில், கிடைக்கின்றன.

1830ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள், பிறசல்ஸ் நகரின் மொனே அரங்கில் ‘போர்ட்டிசியின் ஊமைப்பெண்’ என்னும் இசைநாடகம் நடைபெற்றது. அன்று பெல்ஜியம் ஒல்லாந்து மன்னன் முதலாம் வில்லியத்தின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அம்மன்னனின் பிறந்தநாளை ஒட்டியே நாடகம் ஏற்பாடாகியிருந்தது. 1647இல் நேப்பிள்ஸ் நகரில் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக எழுந்த மசானியெல்லோ என்ற மீனவனின் கதை அது. தாய்நாட்டுப் பற்றைப் போற்றும் இருவர் பாடல் ஒலித்தபோது அரங்கு கொந்தளித்தது. கேட்டவர்கள் வீதிக்கு இறங்கினர், கலகம் மூண்டது. அக்டோபர் 4ஆம் நாள் பெல்ஜியத்தின் சுதந்திரம் பிரகடனம் செய்யப்பட்டது.

இவ்விசையை ஆக்கிய ஓபெர் புரட்சிக்காரரா? இல்லை. பாரிஸ் இசைக் கல்லூரியின் இயக்குநராக 1842 முதல் வீற்றிருந்தவர். மூன்றாம் நெப்போலியனின் அரசவைத் தேவாலய இசைக்கும் பொறுப்பாயிருந்தவர். 1871 மே மாதத்தில், பாரிஸ் கொம்யூன் நிலவிய நாட்களில், தமது 89ஆவது வயதில் அந்நகரிலேயே காலமானார். நாடகத்தின் முடிவும் கலகத்தை வாழ்த்துவதன்று. மசானியெல்லோ நஞ்சூட்டப்பட்டுச் சித்தம் கலங்குகிறான். ஈற்றில் தன் கூட்டத்தாராலேயே கொல்லப்படுகிறான். எழுச்சி அழிவையே தரும் என்ற எச்சரிக்கையை அதிற் காண்பது கடினமன்று.

ஆயின் பிறசல்ஸ் மக்கள் அந்த எச்சரிக்கையைச் செவிமடுக்கவில்லை. அவர்கள் தவறாகக் கேட்டார்களா? அவ்வாறு சொல்லமுடியாது. வேந்தரும் பிரபுக்களும் நிறைந்திருந்த மேடையின் நடுவே ஒரு மீனவனையும் சந்தைக்கடை மக்களையும் நிறுத்தியது அந்நாடகம். அதன் நாயகியோ, ஆளுநரின் மகனால் வஞ்சிக்கப்பட்டுத் தன் துயரைச் சொல்ல வாயற்று நிற்கும் மீனவப் பெண். முடிவில் எதைச் சொல்ல விரும்பினாலும், இடையில் காட்டிய வாழ்வை ஆசிரியர்களால் மறைக்க இயலவில்லை. மன்னராட்சியை விரும்பிய பல்சாக்கின் நாவல்கள் அவர் பரிவுகொண்ட வர்க்கத்தின் வீழ்ச்சியையே உண்மையாகக் காட்டின என 1888இல் ஒரு கடிதத்தில் எங்கெல்ஸ் எழுதியது இத்தகைய நிலையையே.

எனவே மக்கள் கொள்ளும் பொருளே படைப்பின் பொருள் என்று முடித்துவிடலாமா? அங்கேதான் றிச்சாட் வாக்னர் குறுக்கே நிற்கிறார். 1849 மே மாதத்தில் டிரெஸ்டன் எழுச்சியிற் பங்குகொண்டு, கைதாகாமல் தப்பி நாடு கடந்தவர் அவர். ஓபெரைப் போலன்றி, ஆபத்தை நேரிற் சந்தித்தவர். அடுத்த ஆண்டிலேயே, புனைபெயரில், இசையுலகிலுள்ள யூதர்களை இழித்துரைக்கும் கட்டுரையை வெளியிட்டவரும் அவரே. 1869இல் அதனைத் தம் பெயரிலேயே மீண்டும் வெளியிட்டார். 1868இல் அரங்கேறிய அவரது ‘நியூரம்பேர்க்கின் இசைவாணர்கள்’ பின்னர் ஹிட்லரது கட்சியின் நியூரம்பேர்க் மாநாடுகளையொட்டி மேடையேறியது. போராட்ட களத்தில் நின்றமை ஒருவரது கலைக்கு நற்சான்றாகாது. அவ்வாறே, பெருங்கூட்டம் ஒன்று ஆரவாரித்து ஏற்றமையும் நற்சான்றாகாது.

அப்படியாயின் அளவுகோல் எது? படைப்பைக் கையாண்டவர்கள் அதிலுள்ள எதைப் பற்றிக்கொண்டார்கள் என்று நாம் கேட்கவேண்டும். பிறசல்ஸ் மக்கள் பற்றிக்கொண்டது ஒடுக்கப்பட்டோரின் துயரை. அது நாடகத்தில் மெய்யாகவே இருந்தது. நாஜிகள் பற்றிக்கொண்டது, அந்நியச் செல்வாக்கைக் குறித்து எச்சரித்து ஜெர்மானியக் கலையைப் புனிதமாக்கும் இறுதி உரையை. அதுவும் நாடகத்தில் மெய்யாகவே இருந்தது. இளம் பாடகனொருவனின் புதுமையை வரவேற்கும் பரந்த மனமும் அதே நாடகத்தில் உண்டு. அதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. ஆகவே படைத்தவன் தன் பொறுப்பிலிருந்து தப்பமுடியாது; தெரிந்தெடுத்துக் கேட்பவனும் தப்பமுடியாது.

கேட்பவனின் பொறுப்பு அரங்கோடு முடிவதுமில்லை. அந்த ஆகஸ்ட் இரவில் நாடகம் பார்த்தோர் பெரும்பாலும் வசதிபடைத்தோர். வெளியே எழுந்தவர்களிற் பலர் ரொட்டி விலையுயர்வாலும் வேலையின்மையாலும் வாடிய தொழிலாளர். அவர்கள் ஆலைகளுட் புகுந்து இயந்திரங்களை உடைத்தனர். உடைமையாளரோ விரைந்து காவற்படை அமைத்து அவர்களை அடக்கினர். 1831இன் அரசியலமைப்பு வாக்குரிமையை வரி செலுத்தும் செல்வர்க்கே வழங்கியது. மக்களில் நூற்றுக்கு ஒருவர் அளவினரே அதைப் பெற்றனர். ஆண் தொழிலாளர்க்கு வாக்குரிமை கிட்டியது 1893இல், பொதுவேலைநிறுத்தத்தின் பின்னரே. அப்போதும் செல்வரும் கற்றோரும் ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குகளை வைத்திருந்தனர். பெண்களுக்கு அதில் பங்கிருக்கவில்லை.

மேடையில் மீனவனைப் போற்றிக் கைதட்டியவர்களே வீதியில் தொழிலாளிமீது துப்பாக்கியை நீட்டினர். பாடலின் மீது இதற்குப் பழிசுமத்த நியாயமில்லை. மீனவனின் துயரைப் பாட்டாகக் கேட்டு உருகியவர்கள், அதே துயர் உயிரோடு எதிரில் வந்து நின்றபோது என்ன செய்தார்கள் என்பதே கேள்வி. கலையை மதிப்பிடப் புகும் நாம் கலைஞனிடம் கேட்கும் கேள்விகளுடன் இக்கேள்வியையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். இதற்கு விடைசொல்ல வேண்டியவர்கள் கேட்பவர்களாகிய நாமே.