தையல் இயந்திரத்தின் முன் ஒரு மீனவன்

நாவற்குடாவுக்கு ஒரு புறம் கடல், மறு புறம் மட்டக்களப்பு வாவி. அங்கே தோணியின் அணியத்தில் நின்று வீச்சுவலை எறிந்து பிழைத்த ஒருவனை எண்ணிப் பார்ப்போம். யுத்தம் அவனுடைய ஒரு காலைக் கொண்டுபோயிற்று. 2009இல் யுத்தம் முடிந்தது. பொய்க்கால் கிடைத்தது, தையற் பயிற்சி கிடைத்தது, இறுதியில் ஒரு சான்றிதழும் தையல் இயந்திரமும் கிடைத்தன. புனர்வாழ்வு நிறைவேறியது என்று கோப்பை மூடிவிடுகிறோம். அவனோ இயந்திரத்தைத் தொடாமல் வாவியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். 'நன்றி கெட்டவன்' என்று சொல்லவும் நம்மிடையே ஆள் உண்டு.

தொழில் கொடுத்த சமுதாயத்துக்கு, பெற்றவனுடைய மகிழ்ச்சியையும் கேட்டு வாங்கும் உரிமை உண்டா?

உழைப்பே மனிதனை மனிதனாக்கிற்று என்று நம்புகிறவர்கள் நாம். ஆகவே, வேலை கிடைத்துவிட்டால் மனம் தானாகத் தேறிவிடும் என்று சுலபமாக முடிவுகட்டி விடுகிறோம். இதில் உண்மை உண்டு, பாதி உண்மை. எந்த உழைப்பு, யார் தேர்ந்த உழைப்பு என்ற கேள்வியை இது விழுங்கிவிடுகிறது. பிரிட்டனில் 1944ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய தொழில் நிலையங்களில் ஊனமுற்றோருக்கு 3 வீத இடம் விதித்தது. அத்தோடு, அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட தொழில்கள் எவை தெரியுமா? மின்தூக்கி இயக்குவதும், வாகனத் தரிப்பிடத்தைக் காவல் காப்பதும்! நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். ஒருவனுடைய ஆசையின் எல்லையை இன்னொருவர் வரைந்துவிட்டார் என்பதை அந்த நல்லெண்ணம் மாற்றிவிடாது. நம் நாட்டிலும் 1988இல் ஒரு சுற்றுநிருபம் அரசாங்க வேலைகளில் அதே 3 வீதத்தைக் கூறிற்று. 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் வேலையில் பாரபட்சம் காட்டுவதைத் தடுத்தது. இவை வேண்டியவையே. ஆனால் துக்கத்துக்குச் சுற்றுநிருபம் இல்லை.

அந்தத் துக்கம் சோம்பலன்று. வெட்டப்பட்ட காலின் பாதம் இரவில் வலிக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். நடிப்பு என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறோம்: சைலஸ் வீர் மிச்சல் என்ற அமெரிக்க வைத்தியர், உள்நாட்டுப் போரில் அங்கமிழந்த வீரர்களிடம் கண்டறிந்து, 1871இலேயே இதற்குப் பெயரிட்டு எழுதியிருக்கிறார். இல்லாத கால் வலிப்பது உண்மையானால், இல்லாமற்போன தொழில் வலிப்பதில் என்ன வியப்பு?

சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1955இல் தொழிற் புனர்வாழ்வு பற்றிச் செய்த சிபாரிசு, பயிற்சிக்கு முன் வழிகாட்டலை வைத்தது. அந்த வழிகாட்டல், ஆளோடு இருந்து பேசுவதில் தொடங்குகிறது. நடைமுறையில் முதலில் வெட்டுப்படுவது இந்தப் பேச்சுத்தான். இழந்ததைச் சொல்லி அழ இடம், தன்னைப் போல் ஊனமுற்று மீண்ட ஒருவரின் துணை, 'இந்தத் தொழில் எனக்கு வேண்டாம்' என்று சொல்லும் உரிமை: இவை பாடத்திட்டத்தில் இல்லை. கேட்டிருந்தால், படகின் எஞ்சினைப் பழுதுபார்க்கக் கற்கிறேன், கரையை விட்டுப் போகமாட்டேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். தையலையே விரும்பியும் இருக்கலாம்.

எதிர்த் தவறும் உண்டு. அவனுடைய மனவருத்தம் எல்லாவற்றையும் நோயாக்கி மாத்திரை கொடுத்துவிட்டால், படிக்கட்டும் பஸ்ஸின் உயர்ந்த மிதிபலகையும், கல்யாண வீட்டில் அவனைப் பின்வரிசையில் இருத்தும் உறவினரும் தப்பித்துக்கொள்கிறார்கள். உளநல வைத்தியர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பயிற்சி நிலையம் வேறோர் இடத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே அந்த மிதிபலகையில் ஏறி இறங்குகிறவன் அவன்தான்.