கேளாமல் வரவேண்டியது

களுதாவளையில் மகளுக்குக் கலியாணம் பேசினால் வீடும் வளவும்தான் முதலில் பேச்சில் வரும். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை, படுவான்கரை ஆகிய இரு கரையிலும் வழக்கம் இதுவே. வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். பெற்றோர் அதே வளவுக்குள் சின்னதாக இன்னொரு வீட்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவர். இரண்டாவது மகளின் முறை வரும்போது அதுவும் கைமாறும். கடைசி மகளும் கரைசேர்ந்த பிறகு, தங்கள் பேரில் உறுதி உள்ள நிலம் என்று தாய் தகப்பனுக்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. இதை ஊர் இழப்பாகக் கணக்கிடுவதில்லை, கடமை முடிந்த நிறைவாகவே எண்ணுகிறது. கடைசிக் காலத்தில் மகள் பார்ப்பாள் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஒழுங்கு நிற்கிறது. பெரும்பாலான வீடுகளில் மகள் பார்க்கவும் செய்கிறாள்.

அப்படியிருக்க, முதியவர்களுக்கு அரசு ஏன் பணம் கொடுக்க வேண்டும், மருத்துவத்தை ஏன் வீடுவரை கொண்டுபோக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பெற்ற கடனைப் பிள்ளைகள் தீர்க்கட்டும், அரசு குறுக்கே வந்தால் பிள்ளைகளின் மனம் இறுகிப்போகும் என்பது அவர்களின் வாதம். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சோறு போடுவதும் குளிக்க வார்ப்பதும் இரவில் இருமல் கேட்டு எழுந்து வருவதும் எந்தத் திணைக்களத்தாலும் முடியாதவை. அந்தக் கடன் பிள்ளைகளுடையதே. ஆனால் பிள்ளைக்கு ஒரு கடமை இருக்கிறது என்பதாலேயே நாட்டுக்கு ஒரு கடமையும் இல்லை என்று ஆகிவிடுமா? இரண்டும் ஒரே கடன்தானா?

இலங்கைச் சட்டம் இரண்டையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறது. தன்னைப் பராமரிக்க வழியில்லாத பெற்றோர் பராமரிப்புச் சபையிடம் விண்ணப்பித்து, பிள்ளைகள் மாதந்தோறும் பணம் கொடுக்க வேண்டும் என்று கட்டளை பெறலாம். அடித்துத் துரத்தப்பட்ட ஒருவருக்கு இந்தக் கதவு கட்டாயம் திறந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டையே எழுதிக் கொடுத்த ஒரு தாய், அந்த வீட்டின் பின்கட்டில் இருந்துகொண்டு, மகளுக்கு எதிராக எந்த மேசைக்கு முன்னால் போய் நிற்பாள்? வழக்கில் வென்றாலும் திரும்பிப் போய்ப் படுக்க வேண்டியது அதே கூரையின் கீழ்தான். இந்தியாவில் 2007 இல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம், பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிய சொத்தை, பார்க்காவிட்டால் திரும்ப எடுக்க வழி செய்கிறது. நம்மிடத்தில் நன்கொடை உறுதி எழுதும்போது சீவிய உரித்தை வைத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. பெற்றோர் சாகும்வரை அந்த வீட்டில் இருக்க அது வழி செய்யும். கேட்பது மகளைச் சந்தேகிப்பதுபோல் ஆகிவிடும் என்று பலர் கூசுகிறார்கள். கூசத் தேவையில்லை. ஆனால் இருக்க இடம் தரும் சட்டம் குளிசை வாங்கப் பணம் தராது.

நாட்டின் கடன் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க, ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மட்டக்களப்பிலிருந்து வீட்டு வேலைக்கு மத்திய கிழக்கு போகும் பெண்கள் பலர். 2013 இலிருந்து, பிள்ளைகள் உள்ள ஒரு பெண் வெளிநாடு போகக் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்று அரசு விதித்தது. அவள் இல்லாத காலத்தில் பிள்ளைகளை யார் பார்ப்பார் என்ற கேள்விக்கு அதில் ஒரு பெயர் எழுதியாக வேண்டும். பல வீடுகளில் அந்தப் பெயர் அம்மம்மாவுடையது. மகள் அனுப்பும் காசு அந்நியச் செலாவணியாக நாட்டுக்குள் வருகிறது. பொருளாதார நெருக்கடிக் காலத்தில் நாடு அதை எவ்வளவு எதிர்பார்த்து நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் காசு வர, விடியற்காலையில் எழுந்து பிட்டு அவித்து, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் அறுபத்தெட்டு வயதுக் கிழவி. ஒரு படிவத்தில் அவள் பொறுப்பாளர். அது இல்லாமல் மகளுக்கு விமானமில்லை. இன்னொரு படிவத்தில் அவளே தங்கிவாழ்பவர், உதவி தேவையா என்று ஆராயப்பட வேண்டியவர். ஒரே அரசு, ஒரே பெண். முதல் படிவத்தை நிரப்ப அவளிடம் சேவை பெற்ற அரசுக்கு, இரண்டாவது படிவத்தில் அவளை இரப்பவளாக நிறுத்தும் உரிமை எங்கிருந்து வந்தது?

களுதாவளையின் தோட்டக்காரர்களுக்கும் இதுவே பொருந்தும். கடற்கரைப் பக்கத்து மணலில் கிணறு தோண்டி, வெற்றிலைக் கொடிக்கும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் இறைத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். தோளும் முழங்காலும் தேய்ந்துபோனது அந்த மணலில்தான். ஊரிலேயே ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவருக்கு மாதம் பிறந்தால் பென்சன் வரும். அதற்காக அவர் எவரிடமும் தன் வறுமையைக் காட்ட வேண்டியதில்லை. வரவும் வேண்டியதுதான், உழைத்தவர் அவர். ஆனால் பாடம் சொல்லிக் கொடுத்தவருக்கு உரிமையாக வருவது, சந்தைக்கு மரக்கறி கொடுத்தவருக்கு மட்டும் ஏன் இரக்கமாக வர வேண்டும்? விவசாயிகளுக்கென்று 1987 இல் சட்டம் இயற்றி ஒரு ஓய்வூதியத் திட்டம் தொடங்கப்பட்டது. தவணை கட்டியவர்களுக்கே கொடுப்பனவு ஒரு கட்டத்தில் இடைநின்றது. மழையையும் சந்தை விலையையும் நம்பி வாழ்ந்தவர்கள் அரசை நம்பிக் கட்டிய பணம் அது. அதைக் காப்பாற்ற முடியாமல் போனது வெறும் நிர்வாகக் குறையல்ல, வாக்குத் தவறல்.

இன்று இருப்பது 70 வயது கடந்த, வருமானம் குறைந்தவர்களுக்கான முதியோர் கொடுப்பனவு. 2025 வரவுசெலவுத் திட்டம் அதை 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தியது. நல்ல காரியம். சிக்கல் தொகையில் மட்டும் இல்லை, அதை அடையும் வழியிலும் இருக்கிறது. 2023 இல் தொடங்கிய அஸ்வெசும என்னும் அரச நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டம் குடும்பத்தை அலகாகக் கொண்டு அளக்கிறது. கல்வி, உடல்நிலை, பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு பக்கங்களில் 22 அளவுகோல்கள். வீடு என்னும் அளவுகோலை வைத்துக்கொண்டு, மகளின் கல்வீட்டுப் பின்கட்டில் இருக்கும் முதியவரை எப்படி அளப்பது? அந்த ஓட்டுக் கூரை அவருடையதல்ல. அதைக் கொடுத்ததனால்தான் அவர் வெறுங்கையோடு நிற்கிறார். கொடுத்ததற்காகவே இல்லாதவர் பட்டியலிலிருந்து விலக்கப்படுவது கொடுமை. எழுவான்கரையின் வழக்கத்தைக் கொழும்பில் வரைந்த படிவம் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகமாகத் தோன்றலாம். தெரியாத படிவத்தின் விலையைச் செலுத்துகிறவர் யார் என்பதுதான் அறத்தின் கேள்வி.

இந்தத் திட்டத்தின் முதல் பயனாளிகள் பட்டியல் வந்தபோது நாடெங்கும் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. மேன்முறையீட்டோடு ஆட்சேபணைக்கும் இடம் இருந்தது: பட்டியலில் உள்ள இன்னொருவருக்கு இது தகாது என்று எவரும் எழுதிக் கொடுக்கலாம். மோசடியைத் தடுக்க அது உதவும் என்று நினைத்திருக்கலாம். ஒரே கிணற்றடியில் தண்ணீர் அள்ளுகிறவர்களை ஒருவர்மேல் ஒருவர் காவல் நிறுத்தும் ஏற்பாடு, ஐயாயிரம் ரூபாவைவிடப் பெரிய ஒன்றை ஊரிலிருந்து எடுத்துவிடுகிறது. திருக்குறளில் இரப்பதற்கு ஓர் அதிகாரமும், உடனே அடுத்ததாக இரக்க அஞ்சுவதற்கு ஓர் அதிகாரமும் இருக்கின்றன. கேட்டுப் பெறுவது கிடைத்தாலும் மனிதரைக் குறுக்குகிறது என்ற அறிவு நம்மிடம் புதிதாக வந்ததில்லை.

மருத்துவத்தில் இதே கேள்வி வேறு உருவில் நிற்கிறது. இலங்கையின் பொதுச் சுகாதாரப் பணி 1926 இல் களுத்துறையில் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்தது. ஊரில் மிட்வைஃப் என்றே அழைக்கப்படும் குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணியின் வீட்டுக்குத் தானே வருவார், குழந்தையின் நிறையைக் குறிப்பார், ஊசிக்கு நாள் சொல்வார். யாரும் போய்க் கேட்க வேண்டியதில்லை; பணக்கார வீடா ஏழை வீடா என்று அவர் படலையில் நின்று பார்ப்பதுமில்லை. தாய்சேய் மரணத்தைத் தென்னாசியாவில் மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்த நாடுகளில் இலங்கை ஒன்றானதற்கு இந்த நடைதான் பெரிய காரணம். பிறப்பை வாசலில் வந்து வரவேற்ற அதே நாடு, முதுமையைக் கிளினிக் வாங்கில் காத்திருக்கச் சொல்கிறது. தொற்றாநோய்களை முன்கூட்டியே கண்டறிய 2011 இல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள்கூட முதலில் 40 முதல் 65 வயதுவரை உள்ளோரையே குறிவைத்தன. உழைக்கும் வயதினரைக் காப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் உயிரைக் காப்பது உழைப்பைக் காப்பதற்காக மட்டும்தான் என்றால், அந்தக் கணக்கை அறம் என்று அழைக்க முடியாது.

களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை களுதாவளைக்கு அடுத்த ஊரில்தான் இருக்கிறது. தூரம் அதிகமில்லை என்று நடக்கக் கூடியவர்கள் சொல்வார்கள். சீனி வருத்தத்துக்கு வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்கப் போகும் எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அது ஒரு முழு நாள். ஓட்டோக்காரருக்குக் கொடுக்க வேண்டும், துணைக்கு வருபவர் அன்றைய கூலியை விட வேண்டும், மருந்து இருப்பில் இல்லையென்றால் வெளியே வாங்கத் துண்டு வரும். படுவான்கரையிலிருந்து மண்டூர்–குருமண்வெளிப் பாதைப் படகில் வாவியைக் கடந்து வருகிறவருக்கு இன்னும் கூடுதல். இலவச மருத்துவம் என்று நாம் பெருமையோடு சொல்வது உண்மையே. அந்த இலவசத்தின் வாசலுக்குப் போய்ச் சேரும் செலவு மட்டும் நோயாளியின் தலையில் இருக்கிறது. அதிகம் வயதானவர், அதிகம் தளர்ந்தவர், அதிகம் செலவிடுகிறார்.

இதை மாற்ற முடியாது என்று சொல்வதற்கும் இடமில்லை. 2020 இல் கொரோனா ஊரடங்கின்போது கிளினிக் நோயாளிகளின் மருந்து தபாற்காரர் கையில் வீடுகளுக்குப் போனது. ஊரடங்கு முடிந்தது, முழங்கால் வலி முடியவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வழியாக வீட்டுக்குக் கொண்டுபோகிறது. அதிலும் குறைகள் இருக்கும். ஆனால் நடக்க வேண்டியவர் நோயாளியல்ல, பணியாளர் என்று அது முடிவெடுத்திருக்கிறது. அந்த முடிவுக்குள் ஓர் அறம் இருக்கிறது.

பணம் எங்கே என்ற கேள்வி மிஞ்சுகிறது. 2022 இல் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நின்ற நாடு இது. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே எட்டுப் பேரில் ஒருவர் 60 வயதைக் கடந்திருந்தார். அந்தப் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. எல்லோருக்கும் கொடுத்தால் வசதியுள்ளவருக்கும் போகும், உண்மையில் பட்டினி கிடப்பவருக்கு வேண்டியது குறையும். இது வலுவான மறுப்பு. பஞ்சகாலத்தில் பங்கிடுகிறவன் கண்ணை மூடிக்கொண்டு பங்கிட முடியாது. என்றாலும் நேபாளத்தைப் பார்க்கலாம். இலங்கையைவிட ஏழ்மையான அந்த நாடு 1990களின் நடுவில் 75 வயது கடந்தவர்களுக்கு மாதம் 100 ரூபாய் என்று தொடங்கியது. தொகை மிகச் சிறியது. வறுமையை நிரூபிக்கச் சொல்லவில்லை, வயதுதான் தகுதி. அரசாங்க ஓய்வூதியம் பெறுவோரை மட்டும் விலக்கியது. பின்னர் தொகையை உயர்த்தி, வயதெல்லையைக் குறைத்துக்கொண்டே வந்தது. பென்சன்காரர் யார் என்பது அரசின் சொந்தக் கோப்பில் இருக்கிறது. அதைப் பார்த்து விலக்குவதில் எவருக்கும் அவமானமில்லை. விலக்குவது தவறல்ல, விலக்கத்தக்கவரை அரசு தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், விலக்கத்தகாதவர் தன்னை நிரூபிக்க அலையக் கூடாது.

பிள்ளைகளின் மனம் இறுகும் என்ற பயத்துக்கும் ஊரே விடை வைத்திருக்கிறது. சித்திரை வருடப் பிறப்பன்று பெரியவர்கள் கையால் கைவிசேடம் வாங்குவது நம் வழக்கம். கையில் காசில்லாத தாத்தா அன்றைக்கு மகளிடம் வாங்கி மகளின் பிள்ளைக்கே கொடுக்கிறார். தன் பேரில் வரும் ஐயாயிரம் அவரைப் பிள்ளைகளிடமிருந்து பிரிக்காது. வெற்றிலைக்கும் கோயில் திருவிழாவுக்கும் குளிசைக்கும் கேட்டு நிற்காத ஒருவராக அவர் அந்த வீட்டில் இருப்பார். ஆகையால் கொடுப்பனவு குடும்பக் கணக்குக்கா, முதியவரின் கணக்குக்கா என்பது வங்கிச் சில்லறை விஷயமல்ல. அவர் பேரிலேயே போக வேண்டும்.

பட்டியல் என்று ஒன்று இருக்கும்வரை பிழைகளும் இருக்கும். 1978 சூறாவளி, 1990 போர் இடப்பெயர்வு, 2004 கடற்கோள் என்று மூன்று முறை வீட்டையும் கடதாசிகளையும் இழந்தவர்கள் இந்தக் கரையில் உண்டு. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் உத்தேச வயதில் வாழ்கிறவர்களும் உண்டு. அப்படி ஒருவருக்கு அறுபத்தொன்பதா எழுபதா என்று சந்தேகம் வந்தால் பிழை எந்தப் பக்கம் விழ வேண்டும்? தகுதியில்லாத ஒருவருக்கு ஓராண்டு கொடுத்துவிட்டால் திறைசேரிக்கு நட்டம் 60,000 ரூபா. அதை அடுத்த ஆண்டு சரிசெய்யலாம். தகுதியுள்ள ஒருவருக்கு ஓராண்டு மறுத்துவிட்டு, மேன்முறையீட்டுக்குப் பிறகு பெயரைச் சேர்க்கும்போது, அந்தப் பெயருக்கு உரியவர் இருப்பார் என்று எந்த உத்தியோகத்தராலும் உறுதி சொல்ல முடியாது. கிராம உத்தியோகத்தர் முதலில் பெயரைச் சேர்க்கட்டும், விசாரணை பிறகு நடக்கட்டும்.