சொந்தக் குரல் – ஒரு சந்தேகம்

'குரல்' என்ற சொல்லை நம் வட்டத்தில் அளவுக்கு மீறிப் பயன்படுத்தியாகிவிட்டது. 1962-ல் சி. சு. செல்லப்பா தாம் தொகுத்த புதுக்கவிதைத் தொகுதிக்குப் 'புதுக்குரல்கள்' என்று பெயர் வைத்தார். அதற்குப் பிறகு ஒரு கவிஞனைப் பாராட்ட வேண்டுமென்றால் 'தனக்கென ஒரு குரலைக் கண்டடைந்துவிட்டான்' என்கிறோம். நிராகரிக்க வேண்டுமென்றால் 'இரவல் குரல்' என்று இரண்டு சொல்லில் கதையை முடித்துவிடுகிறோம். இந்தப் பேச்சுக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆளுமையின் ஆழத்தில் எங்கோ உண்மையான குரல் ஒன்று ஏற்கெனவே காத்திருக்கிறது, பாவனைகளைக் களைந்துகொண்டே போனால் அது தானாக வெளிப்படும் என்பது அது. இதை நானும் பரிசீலிக்காமல் ஏற்றுக்கொண்டு இருபது வருஷமாக மதிப்புரை எழுதி வந்திருக்கிறேன். சமீபத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு இதைக் கொஞ்சம் அசைத்துவிட்டது.

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கு எழுதுகிற ஒருவர் எங்கள் கூட்டங்களுக்கு வருவார். திருநங்கை. நிறையப் படிப்பவர், கூட்டத்தில் வாய் திறப்பது அபூர்வம். பெயர் இங்கே அவசியமில்லை. இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தருவதற்காக ஒரு நாள் அழைத்தார். எனக்குத் தெரியாத எண். 'வணக்கமுங்க' என்று கேட்டதும் நான் 'சொல்லுங்க சார்' என்றேன். மறுமுனையில் ஒரு மூச்சு அளவுக்கு மௌனம். பிறகு, சற்று மேலேற்றிய குரலில், 'நாந்தானுங்ணா' என்றார். புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசி வைத்துவிட்டோம். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நடந்தது ஊர்ஜிதமாகிவிடும் என்று நினைத்தேன். கோழைத்தனத்துக்கும் சில சமயம் நாசூக்கு என்று பெயர்.

சில வாரங்கள் கழித்து டீக்கடையில் நானே அந்தப் பேச்சை எடுத்தேன். அவரிடம் கோபம் இல்லை. அதில் தமக்கு இருக்கும் சிரமத்தை ஒரு கைத்தொழிலின் சிரமத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். 'நேர்ல பாத்தா எனக்கு முன்னாடி சேலை பேசிருமுங்ணா. போன்ல தொண்டை மட்டுந்தானுங்களே.' அவர் குடியிருப்பது விசைத்தறிப் பட்டறைக்கு அடுத்த வீடு. தறி ஓடுகிற நேரத்தில் செய்தித்தாளை உரக்க வாசித்துப் பழகுவார். அந்தச் சத்தத்தில் அக்கம்பக்கத்துக்குக் கேட்காது. ஆனால் அவருக்கும் சரியாகக் கேட்காது. ஆகவே கைபேசியில் பதிவு செய்துவைத்து, தறி நின்றபின் தலையணையில் காதை வைத்துக் கேட்பார். முதல் ஆறு மாதம் கேட்கச் சகிக்காமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். பேசுவது ஓரளவு கைக்கு வந்துவிட்டதாம். தும்மல், சிரிப்பு, ஓடுகிற பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கூப்பிடுவது - இவைதான் இன்னும் வசப்படவில்லை. யோசிக்க நேரம் கிடைக்காத இடங்களில் எல்லாம் பழைய குரல் முந்திக்கொள்கிறது.

உடம்பு விஷயத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பருவம் வரும்போது ஆண் சுரப்பு குரல்வளையைப் பெரிதாக்கி, குரல் நாண்களை நீட்டித் தடிக்க வைக்கிறது. வளர்ந்த ஆணின் பேச்சில் நாண்கள் வினாடிக்கு ஏறத்தாழ 100 முதல் 150 தடவை அதிர்கின்றன. பெண்ணின் பேச்சில் 180-க்கு மேல். திருநம்பி ஒருவர் டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொண்டால் சில மாதங்களில் அவருக்கும் குரல் இறங்கத் தொடங்குகிறது. இருபத்தைந்து வயதில் இரண்டாம் தடவை வயசுக்கு வருவதுபோல அதை எதிர்கொள்கிறார். திருநங்கைக்கு இந்தச் சலுகை இல்லை. ஒருமுறை தடித்த நாண் ஈஸ்டிரோஜனால் மெலிவதில்லை. அறுவை சிகிச்சைகள் உண்டு, ஆனால் பெரும்பாலோருக்குக் கிடைப்பது பயிற்சி ஒன்றுதான். சுருதியை ஏற்றினால் மட்டும் போதாது. ஒலி நெஞ்சில் அதிர்கிறதா வாயின் முன்பக்கத்தில் அதிர்கிறதா, வாக்கியத்தின் முடிவு எப்படி இறங்குகிறது, சொல்லுக்குச் சொல் எவ்வளவு நெளிகிறது என்று பலவும் சேர்ந்துதான் கேட்பவன் காதில் 'பெண்' என்ற முடிவு உண்டாகிறது. குரல்வளை அளவில் பெரிய வித்தியாசம் இல்லாத வயதிலேயே பையனும் பெண்ணும் வேறு வேறாகப் பேசப் பழகிவிடுகிறார்கள் என்பதையும் இத்துடன் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இப்போது கேள்வி. தறிச் சத்தத்துக்குள் ஒளிந்து பழகிய அந்தக் குரல் அவருடையதுதானா? நம் விமர்சன சித்தாந்தப்படி பார்த்தால் அல்ல. யோசிக்காதபோது வருவதே அசல், யோசித்துச் செய்வது பாவனை. தும்மலே அசல் என்றாகிறது.

இதே சித்தாந்தத்தை வேறொரு இடத்தில் வைத்துப் பார்க்கலாம். சில ஆண்களுக்குப் பருவம் வந்தும் பேச்சு சிறுவனுடையதாகவே நின்றுவிடுகிறது. இருபது வயதில் மருத்துவரிடம் போகிறார்கள். பயிற்சி கொடுத்துக் குரலைக் கீழே இறக்குகிறார். அந்தப் பையனுக்கும் முதல் நாட்களில் அது அந்நியமாகத்தான் இருக்கும். அவனும் யோசித்துத்தான் பேசியாக வேண்டும். ஆனால் வீட்டில் என்ன சொல்கிறார்கள்? 'இப்பத்தான் அவன் குரல் வந்தது' என்கிறார்கள். பயிற்சியால் வந்த ஆண் குரல் இயற்கை, அதே மாதிரிப் பயிற்சியால் வந்த பெண் குரல் நடிப்பு. இந்தத் தீர்ப்பைத் தொண்டை வழங்கவில்லை. தீர்ப்பு நமக்குள் முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது, காது அதை வாசிக்கிறது.

தமிழ்க் காது எப்போதுமே இப்படி இருந்ததா என்றால், இல்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் போட்ட பையன்களின் வாழ்வில் பெரிய பயம் மகரக்கட்டு. குரல் உடைந்தால் வேஷம் கைமாறிவிடும். அதுவரை அந்தப் பையனின் குரலைச் சபை பெண் குரலாகக் கேட்டு அழுதிருக்கிறது. ஈரோட்டிலிருந்து கரூர் போகிற ரயில் பாதையில் இருக்கிறது கொடுமுடி. அந்த ஊர்ப் பெண்ணான கே. பி. சுந்தராம்பாள் மேடையில் ராஜபார்ட்டும் போட்டவர். கிட்டப்பா 1933-ல் மறைந்த பிறகு, 1935-ல் சினிமாவில் நந்தனாராகவே நடித்தார். பெண்ணின் சாரீரத்தில் ஆணின் பக்தியைக் கேட்பதில் ஜனங்களுக்குச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. மறுபக்கத்தில், 1944-ல் இதே ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு கூட்டிய டி. கே. எஸ். சகோதரர்களில் ஒருவரான சண்முகம், ஔவையாராக நடித்து அந்தப் பெயரையே பட்டமாகப் பெற்றார். ஜெமினி எடுத்த ஔவையார் படம் 1953-ல் வந்தபோது ஔவை சுந்தராம்பாள். ஆக ஒரு தலைமுறைக்குள் தமிழர்கள் ஆண் குரலில் ஓர் ஔவையையும், முன்பு ஆணாகப் பாடிய பெண் குரலில் இன்னொரு ஔவையையும் கேட்டு இரண்டையும் கும்பிட்டார்கள். 1996-ல் 'அவ்வை சண்முகி' என்ற பெயரில் படம் வந்தபோது அதே கடப்பு முழுநீளச் சிரிப்பாகிவிட்டது. படத்தை நானும் ரசித்துத்தான் பார்த்தேன்.

இலக்கியத்துக்குள் போனால் இன்னும் விசித்திரம். தலைவியாகவும் தோழியாகவும் பேசிய சங்கப் புலவர்களில் ஆண்களே அதிகம். நம்மாழ்வார் பராங்குச நாயகியானார். இவர்களை யாரும் 'இரவல் குரல்' என்று மதிப்புரை எழுதி ஒதுக்கவில்லை. பெண் குரலில் பேசுவது ஆணுக்குக் கலையாகவும் பக்தியாகவும் சித்தித்திருக்கிறது.

ஆனால் இந்த மரபைக் காட்டித் திருநங்கைகளுக்கு ஆறுதல் சொல்வது மோசடியாகும். மேடைக்குத் திரை உண்டு. திரை விழுந்ததும் நடிகன் முகத்தைக் கழுவிக்கொண்டு ஆணாக வீட்டுக்குப் போவான் என்ற உத்தரவாதத்தின் பேரில்தான் சபை அவன் குரலுக்கு உருகியது. நம் நண்பர் டவுன் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறார். அங்கே திரை இல்லை. முகத்தைக் கழுவினாலும் அவர் அவராகவேதான் இருப்பார், சபையைத் தொந்தரவு செய்வது இதுதான்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'நான் வந்தேன்' என்பதில் ஆணா பெண்ணா என்று தமிழ் கேட்பதில்லை. ஹிந்தியில் 'நான் போகிறேன்' என்று சொல்வதற்குள் பாலைச் சொல்லியாக வேண்டும். வடக்கே போய் வாழ்ந்த நம் திருநங்கைகள் வாயைத் திறந்த ஒவ்வொரு தடவையும் இலக்கணத்தாலேயே தம்மைப் பிரகடனம் செய்திருப்பார்கள். அது சுமையாக இருந்ததா சுகமாக இருந்ததா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். தமிழில் 'நான்' திறந்து கிடக்கிறது. பாலை முடிவுசெய்கிற அதிகாரம் படர்க்கைக்குப் போய்விடுகிறது. வந்தானா வந்தாளா என்று நம்மைப் பற்றி மற்றவர்கள்தான் பேசிக்கொள்கிறார்கள். கொங்குப் பேச்சில் யாரைப் பார்த்தாலும் 'ஏனுங்க', 'வாங்க' என்று ஒரு 'ங்க' போட்டுவிடுகிற வழக்கம் இருக்கிறது. மரியாதை என்று நாம் நினைக்கிற அது ஒருவருக்கு மறைவிடமாகவும் உதவக்கூடும் என்பது எனக்கு அவர் சொல்லித்தான் தெரிந்தது. 'ங்க'வுக்குள் இருக்கிறவரை ஆபத்தில்லை. 'தம்பி'யா 'அம்மிணி'யா என்று வருகிறபோதுதான் வயிற்றைப் பிசையும்.

ஒரு நாள் பஸ்ஸில் கூட்டம். பின்னாலிருந்து 'பெருந்துறை ஒண்ணுங்க' என்று காசை நீட்டியிருக்கிறார். கண்டக்டர் திரும்பிப் பார்க்காமலே 'சில்லறை இல்லைங்களா அம்மிணி' என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்குத்தான் தமக்குக் குரல் வந்ததாக அவர் சொல்கிறார். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று பழகியபோது வராத தைரியம், தன்னைக் கவனிக்கக்கூட இல்லாத ஒரு மனிதரின் அலட்சியத்திலிருந்து வந்திருக்கிறது. சாவித் துவாரத்தில் எட்டிப் பார்ப்பவன் பின்னால் காலடி ஓசையைக் கேட்டுச் சட்டென்று தன்னைப் பொருளாக உணர்வதை சார்த்தர் எழுதினார். நம் பத்திரிகைகளில் பலரும் அதை எடுத்தாண்டு அலுத்துப் போய்விட்டது. ஆனால் பிறர் நம்மைத் திரும்பிப் பார்க்காமலிருப்பது ஒருவருக்கு விடுதலையாக வந்து சேரலாம் என்பதை நாங்கள் யாரும் எழுதியதாக ஞாபகம் இல்லை.

இங்கே எனக்கு ஒரு முரண் தட்டுப்பட்டது. குரலின் நம்பிக்கை கேட்பவனிடமிருந்து வருகிறதென்றால் அது அவனுக்கு அடிமையாவதில் முடியாதா? 2014 ஏப்ரல் 15-ல் உச்சநீதிமன்றம், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கலாம், அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்றது. மகத்தான தீர்ப்பு. ஆனால் எந்த நீதிமன்றமும் கண்டக்டரின் காதுக்கு உத்தரவிட முடியாது. அதே வருஷம் ஆகஸ்ட் 15-ல் கோவையின் லோட்டஸ் தொலைக்காட்சியில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். செய்தி வாசிக்கும் முதல் திருநங்கை என்று நாடெங்கும் பேசப்பட்டார். அந்தக் காட்சியை இப்போது வேறு விதமாக யோசிக்கிறேன். காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எதிரில் யாரும் இல்லை. 'அம்மிணி' என்று திருப்பிச் சொல்ல ஒரு காது அங்கே கிடையாது. பதில் வராத இடத்தில் வாக்கியம் வாக்கியமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கேட்பவனின் தயவில்லாமல் பேசுவதற்கு அதைவிடக் கடுமையான பயிற்சிக்கூடம் எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு பக்கம், நாமக்கல் சீமையிலிருந்து வந்த ரேவதி தம் வாழ்க்கையை எழுதினார். 2010-ல் முதலில் ஆங்கிலத்தில் வந்து, பிறகுதான் 'வெள்ளை மொழி' என்று தமிழில் வெளியாயிற்று. ஒரு கொங்குக் குரல் தன் ஊர்க் காதுக்கு அந்நிய மொழி வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது.

குரலை மாற்றவே மாட்டேன், கேட்கிறவர்கள் காதை மாற்றிக்கொள்ளட்டும் என்கிற திருநங்கைகளும் இருக்கிறார்கள். தத்துவ ரீதியில் என் மனம் அவர்கள் பக்கம். ஆனால் கடையில் வேலை, வாடகை வீடு, இரவு பஸ் என்று வாழ்கிற ஒருவரிடம் போய் அந்தத் தத்துவத்தை நான் சொல்ல முடியாது. ஆபத்தில்லாதவன் அடுத்தவருக்குச் சிபாரிசு செய்கிற தைரியம் மலிவானது.

என்னை நிஜமாகவே திணறடித்தது வேறு. அவருடைய அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். பார்வை போய்விட்டது. முதலில் ஏற்றுக்கொள்ளாமல் இருந்து, இப்போது மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறாராம். அங்கே போனால் எந்தக் குரலில் பேசுவீர்கள் என்று கேட்டேன். 'பழசுலதானுங்ணா. அம்மாவுக்கு அதுதான் நானு' என்றார். அது பொய்யாகத் தோன்றவில்லையா என்றேன். விமர்சகன் புத்தி போகவில்லை. அவர் டீயை ஆற்றிக்கொண்டே, 'பேத்திகிட்டப் பேசறப்ப அம்மாவும்தான் குரலை மாத்திக்குதுங்க' என்றார்.

போன மாதக் கூட்டத்தில் முதல் தடவையாகத் தாம் எழுதிய கவிதை ஒன்றை வாசித்தார். பத்துப் பதினைந்து பேர் இருப்போம். நான்காவது வரியில் குரல் பிசகிக் கீழே விழுந்தது. எல்லோருக்கும் கேட்டது. எப்போதும்போல ஒரு மூச்சு நின்று, ஏற்றிக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. விழுந்த இடத்திலிருந்தே மேலே வாசித்துக்கொண்டு போனார்; இரண்டு மூன்று வரி கழித்து அது எப்படியோ ஏறிக்கொண்டது. கவிதை சுமார்தான். அதை அவரிடமும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து பழைய இதழ்களில் ஒன்றைத் தேடி எடுத்தேன். ஓர் இளைஞனின் முதல் தொகுதிக்கு நான் எழுதிய மதிப்புரை. 'இரவல் குரல்' என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறேன். அந்த இளைஞன் அதற்குப் பிறகு எங்கும் எழுதியதாகத் தெரியவில்லை.