கோபுரத்துத் தேனீக்களுக்கு அபயம் உண்டா?

உத்ஸவம் நெருங்கும் வேளையில் ராஜகோபுரத்தின் மேல்நிலையில், சுதைப் பொம்மைகளின் அடியில், கறுத்த முறம்போல் ஒன்று தொங்கக் காண்பதுண்டு. முந்தின நாள் வரை அங்கே ஒன்றும் இருந்திராது. உற்று நோக்கினால் அதன்மேல் அலையலையாக ஓர் அசைவு ஓடும். மலைத்தேனீக்கள் குடிவந்துவிட்டன என்று அறியலாம். உடனே இரு வகைப் பேச்சு எழுகிறது. ஜனங்கள் கூடும் இடமாயிற்றே, பந்தம் கொளுத்திப் பொசுக்கிவிடுவோம் என்பர் சிலர். எம்பெருமான் ஸந்நிதியை நாடி வந்த ஜீவன்களைத் தீண்டலாகாது என்பர் வேறு சிலர். எது தர்மம் என்பது எளிதில் தீரும் வினாவன்று. முன்னதைச் சொல்பவர் இரக்கமற்றவர் என்று கொள்வதற்கில்லை; பின்னதைச் சொல்பவர் ஒரு முறையும் கொட்டுப்படாதவராக இருத்தலும் கூடும்.

தேனீக்கள் ஏன் இவ்வாறு வருகின்றன என்பதை முதலில் அறிதல் நலம். ஒரு கூட்டில் குடி பெருகியதும், பழைய ராணி வேலைக்காரத் தேனீக்களில் பெரும்பகுதியை உடனழைத்துக்கொண்டு வெளியேறும். இருந்த வீடு புதிய ராணிக்கு விடப்படும். வயிறு நிறையத் தேன் உண்டு புறப்பட்ட அத்திரள், புது வீடு கிடைக்கும்வரை மரக்கிளையிலோ, விளக்குக் கம்பத்திலோ, நிறுத்திவைத்த ஸைக்கிளிலோ கொத்தாகத் தொங்கும். காக்க வேண்டிய குஞ்சும் தேனும் அப்போது அதற்கு இல்லையாதலால், பெரும்பாலும் எவரையும் கொட்டாது. பார்ப்பவர் மிக அஞ்சும் இந்நிலையிலேதான் அது மிகவும் சாதுவாக இருக்கிறது.

1949-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து மியூனிக் நகரில் மார்ட்டின் லிண்டவர் என்னும் ஆராய்ச்சியாளர் இத்தகைய திரள் ஒன்றைக் கண்டார். அதன்மேல் நடனமிட்ட சில தேனீக்களின் உடலில் மகரந்தம் இல்லை. புகைக்கரியும் செங்கல் தூளும் படிந்திருந்தன. அவை பூவைத் தேடிச் சென்றவை அல்ல. யுத்தத்தில் இடிந்த அந்நகரின் புகைபோக்கிகளிலும் சுவர்ப் பொந்துகளிலும் வீடு தேடிச் சென்று திரும்பியவை. தாம் கண்ட இடத்தின் திசையையும் தூரத்தையும் ஆட்டத்தினால் அறிவிப்பது அவற்றின் வழக்கம். ஓரிடத்தை நாடிப் போதிய தேனீக்கள் சேர்ந்த பின்னரே திரள் முழுதும் அங்கே புறப்படும். நம்முடைய சபைகளில் இத்தகைய ஒருமைப்பாடு எத்துணை அரிது!

விளையாட்டு மைதானமும் இதற்கு விலக்கன்று. 2017-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் தென்னாப்பிரிக்காவும் இலங்கையும் ஆடிய கிரிக்கெட் ஆட்டம், தேனீக்கள் வந்திறங்கியதால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. தேனீ வளர்ப்பவர் ஒருவரை வரவழைத்து அவற்றை அப்புறப்படுத்தினர். 2019-இல் இங்கிலாந்தில் அதே இரு அணிகள் மோதியபோது மறுபடியும் தேனீக்கள் வர, ஆட்டக்காரர் அனைவரும் தரையில் சாஷ்டாங்கமாக விழுந்து கிடந்தனர்.

இவற்றையெல்லாம் எதிர்பாராத இடம் என்று கூறுகிறோம். எதிர்பாராதவர் நாமே. மலைத்தேனீக்கு வேண்டுவது உயர்ந்த பாறையின் நீட்டிய விளிம்பு. கோபுரத்தின் கொடுங்கை அதற்குப் பாறை விளிம்பேயாம். பருவம் மாறியதும் அடையை விட்டகன்று, சில மாதம் கழித்து அதே இடத்திற்கே திரும்பி வருதலும் உண்டு.

இனி சாஸ்திரம் கூறுவதைப் பார்ப்போம். ஸ்ரீமத் ராமாயணத்தில் விபீஷணன் நான்கு துணைவரோடு ஆகாயத்தில் வந்து நின்றபோது, அழைத்தவர் எவருமில்லை. கொல்லத் தக்கவன் என்றே சுக்ரீவன் கூறினான். அவன் அச்சமும் அன்பினால் விளைந்ததே. பெருமாளோ அபயம் அளித்தார். விபீஷணன் வாய்விட்டுச் சரணம் என்றான்; தேனீ அவ்வாறு கூறிற்றோ என்று ஒருவர் வினவலாம். ஆனால் பெருமாள் தம் விரதத்தைக் கூறுமிடத்து மனிதர்க்கு என்று வரையறுக்கவில்லை. எல்லா உயிர்களுக்கும் என்றே அருளினார். பிராட்டியிடத்தே அபசாரப்பட்ட காகமும், மூவுலகிலும் போக்கிடமற்று விழுந்ததனால் ஒரு கண்ணை இழந்து உயிர் பிழைத்தது. குற்றம் செய்ததற்கே அவ்வளவு எனின், குற்றமே செய்யாது தொங்குவதை எரிப்பது எங்ஙனம் தகும்?

எனினும் இவ்வளவோடு நிறுத்திக்கொள்பவர் பாதி தர்மத்தையே கூறியவராவர். மலைத்தேனீக்கள் கலைந்தால் கூட்டமாய்த் துரத்திக் கொட்டும். மிகுதியாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. அவ்வாசல் வழியே குழந்தையும் முதியவரும் வருகின்றனர். விபீஷணன் பொருட்டுப் பெருமாள் எடுத்துக்காட்டிய புறாவை இங்கே நினைக்க வேண்டும். தன் பேடையைப் பிடித்த வேடனே தன்னிடம் வந்து ஒண்டியபோது, அது அவனுக்குத் தன் மாம்ஸத்தையே உணவாக்கியது. பக்கத்து மரத்துப் பறவையின் மாம்ஸத்தை அன்று. அபயம் அளிப்பவன் தன்னுடையதைக் கொடுத்தே அளித்தல் வேண்டும். ஆகவே ஆலய நிர்வாகத்தார் அபயம் தருவதாயின், பக்தர்களின் உடம்பைப் பணயம் வைத்துத் தருதல் ஆகாது. தம்முடைய ஆடம்பரத்தில் சிறிது குறைத்துக்கொண்டு தருவதே முறை.

குறைக்க வேண்டுவன எவை? கோபுரத்தின் கீழ் வாணவேடிக்கை வேண்டாம், அதிர்வேட்டும் வேண்டாம். ஹோமப் புகை அப்பக்கம் செல்லாதபடி யாகசாலை அமைக்கலாம். அடை நீங்கும்வரை அடியார்கள் வேறொரு வாசல் வழியே வரட்டும். கிளையில் தொங்கும் திரளாயின் ஓரிரு நாள் கயிறு கட்டி ஜனங்களை விலக்கி நிறுத்தினாலே போதும். அது பெரும்பாலும் தானே போய்விடும். எவ்வகையிலும் விலக்க இயலாத ஆபத்து இருந்தால், பழக்கமுள்ளவரைக் கொண்டு, கூட்டம் இல்லாத இரவில், எரிக்காமல் புகைகாட்டிக் கலைக்கலாம். காகத்திற்கு நேர்ந்த தண்டனைக்கு ஒப்பானது அது. வீடு போகும், உயிர் நிற்கும்.

ஒரு கொட்டுக்குத் தேனீ கொடுக்கும் விலையையும் எண்ணிப் பார்க்கலாம். மனிதர் தோலில் கொடுக்கு சிக்கிக்கொள்வதால், கொட்டிய தேனீ இறந்துபடும். வீட்டைக் காக்கும் பொருட்டே அது உயிரை விடுகிறது. ஸ்ரீமத் பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில் அவதூதர் தம் இருபத்து நான்கு குருமாரைக் கூறுகையில் தேனீயையும் ஒருவராகக் கொண்டார். சிறிய பூ, பெரிய பூ என்னாது ஸாரத்தைக் கொள்வதையும், சேர்த்துவைத்தால் பிறர்க்கே போகும் என்பதையும் அதனிடம் கற்றார். திருமஞ்சனத்திற்குத் தேன் வேண்டும் என்று கேட்கும் வாயே, தேனீ வேண்டாம் என்றும் சொல்வது விந்தை.

சோழநாட்டுத் திருப்பதியாகிய திருக்கண்ணமங்கையில் தாயார் ஸந்நிதியிலேயே தேனடை உள்ளது. பக்தவத்ஸலப் பெருமாளின் திருக்கல்யாணத்தைச் சேவிக்க வந்த தேவர்கள், பிரிய மனமின்றித் தேனீ உருக்கொண்டு அங்கேயே தங்கினர் என்பது ஸ்தல புராணம். தாயாரைச் சேவிக்க வருவோர் அந்த அடையையும் ஒரு முறை சேவித்துவிட்டே செல்கின்றனர்.