சம்மதித்துத்தானே வேலைக்கு வந்தார்?

 

கடை வைத்திருப்பவர்களிடம் பணியாளர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு பதில் தவறாமல் வரும். "நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை ஹஜ்ரத். நேரம் இவ்வளவு, சம்பளம் இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். சம்மதித்துத்தானே வந்தார்கள்?"

இப்படிச் சொல்பவர் பெரும்பாலும் பேசியபடி சம்பளம் கொடுப்பவர்தான். கூலியைப் பிடித்து வைப்பவரின் விஷயம் வேறு. வேலை வாங்கிக்கொண்டு கூலி தராதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. அதற்கு மேல் அவரிடம் சொல்ல என்ன இருக்கிறது? நாம் கேட்பது நாணயமான முதலாளியைப் பற்றி. சம்மதம் வாங்கியதோடு அவர் பொறுப்பு தீர்ந்துவிடுகிறதா?

மூஸா (அலை) அவர்கள் எகிப்திலிருந்து உயிர் தப்பி மத்யன் வந்து சேர்ந்த நிலையை நினைத்துப் பாருங்கள். தங்க இடமில்லை, தெரிந்த முகமில்லை. நிழலில் ஒதுங்கி, எந்த நன்மை வந்தாலும் தமக்குத் தேவைதான் என்று ரப்பிடம் முறையிட்டார்கள். அந்த நிலையில் உள்ள ஒருவர் எந்த நிபந்தனைக்கும் தலையாட்டுவார். மத்யன் பெரியவர் மகளை மணமுடித்துத் தருவதாகச் சொல்லி, எட்டு ஆண்டு வேலை கேட்டார். பத்தாக நிறைவு செய்வது மூஸாவின் விருப்பம் என்றார். பேசும்போதே, அவரைச் சிரமப்படுத்தத் தமக்கு எண்ணமில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். (அல்குர்ஆன் 28:27) மூஸா (அலை) சம்மதிக்காமல் இருக்கப் போவதில்லை என்று தெரிந்த இடத்தில் வந்த வார்த்தை அது.

இன்னொரு சம்பவம். அபூதர் (ரலி) அவர்களை ரபதாவில் சந்தித்த ஒருவர், அவர்களும் அவர்களுடைய அடிமையும் ஒரே மாதிரி உடை அணிந்திருப்பதைக் கண்டு காரணம் கேட்டார். முன்பு ஒரு மனிதரை அவருடைய தாயைச் சொல்லித் தாம் ஏசியதையும், நபி (ஸல்) அவர்கள் தம்மைக் கண்டித்ததையும் அபூதர் (ரலி) மறைக்காமல் சொன்னார்கள். கைக்குக் கீழே இருப்பவர்கள் சகோதரர்கள். உண்பதில், உடுப்பதில் அவர்களுக்கும் கொடுக்க வேண்டும். தாங்க முடியாத சுமையை ஏற்றக்கூடாது. ஏற்றினால் கூட நின்று உதவ வேண்டும். நபியவர்களின் அந்தப் போதனையின் கருத்து இது. அந்த அடிமையோடு எந்த ஒப்பந்தமும் இல்லை. யாரும் அவரிடம் சம்மதம் கேட்கவில்லை. ஆனாலும் கடமை இருந்தது. அடிமைக்கே இவ்வளவு என்றால், பேருந்து ஏறி வந்து நம் கடையில் உழைக்கும் சுதந்திரமான மனிதருக்கு?

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். ஜவுளிக்கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே வேலை பார்ப்பவர்களின் கால்களைப் பாருங்கள், நரம்பு புடைத்திருக்கும். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் முதலில் கழிப்பறைக்காகவும், பிறகு உட்காரும் உரிமைக்காகவும் போராடினார்கள். கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தர வேண்டும் என்று சேர்த்தது. அரசு சட்டம் போட்டுத்தான் நாம் ஒரு ஸ்டூல் வாங்க வேண்டியிருந்தது என்பதில் எனக்கு வெட்கம் உண்டு. வாங்கிய ஸ்டூலும் சில கடைகளில் அடுக்கி வைத்தபடியே இருக்கிறது. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார்.

இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) நோயுற்றிருந்தபோது, நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். தொழுகையில், படைத்தவன் முன்னிலையில், உட்கார அனுமதி இருக்கிறது. வாடிக்கையாளர் இல்லாத மதிய நேரத்தில் நம் கல்லாவின் முன்னால் அந்த அனுமதி இல்லையா?

வாடிக்கையாளர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று கேட்கிறீர்கள். நீங்களே உட்கார்ந்துகொண்டுதானே அதைக் கேட்கிறீர்கள்?

இன்று தொழுதுவிட்டுக் கடைக்குப் போனதும் ஸ்டூல்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். அடுக்கியிருந்தால் நீங்களே எடுத்துப் போடுங்கள். "உட்காரும்மா" என்று சொன்னால் மட்டும் அவர்கள் உட்கார மாட்டார்கள், பயம் இருக்கும். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, அவர்கள் காதில் விழும்படி அவரிடம் சொல்லுங்கள்.